மாட்டேன் என்னும் சொல்: இயலாமையும் இசையாமையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாப் பொழிவின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் பெரும்பொருள்களை எடுத்துப் பேசுவது வழக்கம். பத்து ஆண்டுகளாகக் கூடிக் கூடிச் சொற்களை எடைபோட்டு வந்திருக்கும் ஒரு வட்டத்தின் விழாவில், ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வதும் பொருத்தமே. அச்சொல் அருஞ்சொல் அன்று. நிகண்டில் தேடவேண்டியதும் அன்று. பேசத் தொடங்கிய குழந்தை முதலில் கைக்கொள்ளும் சில சொற்களுள் ஒன்று அது. 'மாட்டேன்' என்பதே அச்சொல்.

மனம் ஒப்பாமையை உணர்த்தத் தமிழில் சொற்கள் பல உண்டு. தயங்குதல், கூசுதல், மறுத்தல், பின்வாங்குதல், சுணங்குதல் என அவை நீளும். இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. தயக்கம் முடிவுக்கு முந்தைய நிலை. தயங்குகிறவன் இன்னும் முடிவு செய்யவில்லை. கூச்சம் பிறர் பார்வையால் வருவது. மறுப்புக்கு முன்னால் ஒரு வேண்டுகோளோ கட்டளையோ இருந்தாக வேண்டும். கேளாததை எவரும் மறுப்பதில்லை. சுணக்கம் காலத்தை நீட்டுவது. ஆனால் 'மாட்டேன்' என்னும் சொல் இவை எல்லாவற்றையும் தன்னுள் அடக்கி நிற்பதோடு, இவற்றுக்கு இல்லாத ஒரு வரலாற்றையும் சுமந்து நிற்கிறது.

பழம்பொருள்

இன்று 'மாட்டேன்' என்றால் விருப்பமின்மை அல்லது மறுப்பு என்றே செவி கொள்ளும். அதன் பழம்பொருள் அதுவன்று. மாட்டுதல் என்பது வல்லமையைக் குறித்த வினை. மாட்டுவார் என்றால் வல்லவர். மாட்டார் என்றால் ஆற்றல் இல்லாதவர். மாட்டாமை என்பது இயலாமை. காலப்போக்கில் உடன்பாட்டு வடிவம் வழக்கொழிந்தது. இன்று எவரும் 'பாடமாட்டுவேன்' என்று கூறுவதில்லை. எதிர்மறை மட்டும் எஞ்சியது. எஞ்சிய எதிர்மறையும் பொருள் மாறியது.

இம்மாற்றத்தை அறியாமல் பழைய நூலைப் படித்தால் என்ன நேரும் என்பதற்குத் திருக்குறளின் 26 ஆம் குறள் நல்ல சான்று. பெரியவர் யார், சிறியவர் யார் என்று வகுக்கும் குறள் அது. அரியவற்றைச் செய்பவர் பெரியர், செய்கலாதார் சிறியர். 'செய்கலாதார்' என்பதற்குப் பரிமேலழகர் தரும் சொல் 'செய்யமாட்டாதார்' என்பது. இன்றைய வாசகன் இவ்வுரையை இன்றைய செவியோடு கேட்டால், அரிய செயலைச் செய்ய மனமில்லாதவர், செய்ய மறுப்பவர் என்று கொள்வான். உரைகாரர் கருதியது அதுவன்று. செய்யும் வல்லமை இல்லாதவர் என்பதே அவர் கருத்து. சிறுமை என்பது மனத்தின் குற்றமா, ஆற்றலின் குறைவா என்ற பெரிய வினா இங்கே ஒரு சொல்லின் பொருளில் தொங்குகிறது. உரை தெளிவுபடுத்த வந்தது. ஆனால் காலம் உரைக்கே ஓர் உரை வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டது.

வைணவ வியாக்கியானங்களைப் படிப்போர்க்கு இது இன்னும் தெளிவாகப் புலப்படும். திருவாய்மொழிக்கு நம்பிள்ளை அருளிய ஈட்டில் 'தரிக்கமாட்டாதே' என்னும் தொடர் அடிக்கடி வரும். பிரிவைப் பொறுக்க இயலாமல் என்பது அதன் பொருள். ஆற்றாமையின் உச்சத்தைக் குறிக்க வியாக்கியானக்காரர் கையாண்ட சொல்லை, இக்காலத்துச் செவி பிடிவாதத்தின் சொல்லாகக் கேட்கிறது. உருகி நிற்கும் ஒருவரை முறைத்து நிற்பவராக மாற்றிவிட இந்த ஒரு பிழை போதும்.

நூல்களை விட்டு மக்கள் வழக்குக்கு வந்தாலும் பழம்பொருளின் எச்சம் உண்டு. 'ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழியின் ஒரு வடிவம். இங்கே மாட்டாதவள் என்றால் ஆட விரும்பாதவள் அல்லள், ஆடத் திறமில்லாதவள். ஆட விரும்பாதவளாக இருந்தால் கூடத்தின் மேல் பழிபோட வேண்டிய தேவையே அவளுக்கு இல்லை. இன்று பலரும் இதை 'ஆடத் தெரியாதவள்' என்று மாற்றிச் சொல்கிறார்கள். பழமொழியின் உயிரைக் காக்க மக்கள் செய்துகொண்ட திருத்தமாக இதைக் கொள்ளலாம். பழைய சொல்லை அப்படியே வைத்தால் பழமொழி பொருளற்றுப் போகும் என்பதை இலக்கணம் படிக்காத நாவும் உணர்ந்திருக்கிறது.

ஒரு வழிநடை

இயலாமைச் சொல் இசையாமைச் சொல்லாவது 'மாட்டேன்' ஒன்றுக்கு மட்டும் நேர்ந்ததன்று. மாட்டுதலுக்கு முன்னரே வல்லமையைக் குறிக்கக் 'கில்' என்னும் வினை இருந்தது. கிற்பேன் என்றால் வல்லேன். கில்லேன் என்றால் வல்லேன் அல்லேன். நம்மாழ்வார் திருவாய்மொழியின் ஆறாம் பத்தில் பத்தாம் திருவாய்மொழியில் வரும் 'அகலகில்லேன்' என்னும் சொல்லை அறியாத தமிழ் வாசகர் குறைவு. திருவேங்கடமுடையான் மார்பில் உறையும் திருமகள் சொல்வதாக அமைந்த சொல் அது. சிறிதும் பிரியேன் என்பது கருத்து. திருமகளுக்கு ஆற்றல் குறைவா? இல்லை. அகல்வதற்கான வலிமை இல்லை என்று அவள் கூறுவது அன்பின் மிகுதியால். அகல விரும்பவில்லை என்று சொல்லியிருந்தால் அது ஒரு முடிவு. முடிவு நாளை மாறலாம். அகல இயலவில்லை என்று சொன்னதால் அது இயல்பு ஆயிற்று. விருப்பம் முற்றி இயலாமையாகக் கனிந்த இடம் அது. இதையே 'அகலமாட்டேன்' என்று இன்றைய தமிழில் பெயர்த்தால், பாதிப் பொருள் கைகூடும், மறுபாதி நழுவும்.

கில் மறைந்த இடத்தில் மாட்டு வந்து நின்றது. மாட்டு விருப்பத்தின் பக்கம் சாய்ந்தபின், இயலாமையைச் சொல்ல வேறு சொற்கள் தேவைப்பட்டன. 'முடியாது' அவ்வாறு வந்தது. முடிதல் என்பது நிறைவுறுதல். என்னால் முடியாது என்றால் செயல் என்னால் நிறைவுறாது என்பதே நேர்ப்பொருள். ஈழத்து வழக்கில் 'ஏலாது' என்பது இதே பணியைச் செய்கிறது. உடல்நலம் குன்றியிருப்பதையும் அங்கே ஏலாமை என்பர்.

இனி இவற்றின் கதி என்ன? 'முடியாது' என்னும் சொல்லும் அதே பாதையில் நடக்கத் தொடங்கிவிட்டது. 'என்னால் வரமுடியாது' என்பதில் இன்னும் இயலாமை இருக்கிறது. 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு அதைக் காவல் காக்கிறது. அவ்வுருபை நீக்கி, 'நான் வரமுடியாது' என்று கூறினால், குரலில் மறுப்பு ஏறிவிடும். 'முடியாது போ' என்று சிறுவன் கூறும்போது அங்கே இயலாமையின் நிழல்கூட இல்லை. கில்லேன், மாட்டேன், முடியாது என்ற மூன்று படிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சொல்தான் மாறி மாறி வருகிறதே தவிரப் போகும் வழி ஒன்றாகவே இருப்பது தெரியும்.

அண்டை மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. திருக்குறள் 33 இல் 'ஒல்லும்' என்னும் சொல் இயலும் என்ற பொருளில் நிற்கிறது. கன்னடத்தில் 'ஒல்லெ' என்றும் தெலுங்கில் 'ஒல்லனு' என்றும் வழங்கும் சொற்கள் வேண்டேன், இசையேன் என்ற பொருளைத் தருகின்றன. இயலுதலும் இசைதலும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் என்பதை இவ்வொலி ஒற்றுமை நினைவூட்டுகிறது.

ஏன் இவ்வாறு?

காரணத்தை நெடுந்தொலைவில் தேட வேண்டியதில்லை. நேருக்கு நேர் மறுப்பது தமிழர் பழக்கத்தில் முரட்டுத்தனமாகக் கருதப்படுகிறது. விருந்துக்கு அழைத்தவரிடம் 'வர விருப்பமில்லை' என்று எவரும் சொல்வதில்லை. 'வர முடியாத நிலை' என்பார்கள். கடன் கேட்டு வந்தவரிடம் 'தர மனமில்லை' என்பதற்கு மாறாக 'இப்போது கையில் இல்லை' என்பார்கள். மறுப்புக்கு இயலாமை என்னும் போர்வையைப் போர்த்துவது நாகரிகம்.

இதற்கு இந்த அவையிலுள்ள கவிஞர்கள் அனைவரும் நேரில் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இதழ்களிலிருந்து திரும்பி வரும் கவிதையோடு இணைந்து வரும் சிறு தாளில், 'வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சிட்டிருக்கும். அச்சகத்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை, தாளுக்கும் தட்டுப்பாடில்லை. இயலாமை எங்கே இருந்தது என்பது அனுப்பியவருக்கும் தெரியும், பெற்றவருக்கும் தெரியும். ஆயினும் 'வெளியிட மாட்டோம்' என்று எழுதுவதைவிட அது மேலானது என்பதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் போர்வை நாள்பட நைந்துபோகும். எல்லாரும் மறுப்பதற்கே இயலாமைச் சொல்லைப் பயன்படுத்தினால், கேட்பவர் செவி அச்சொல்லை மறுப்பாகவே கேட்கப் பழகிவிடும். பின்னர் உண்மையில் இயலாதவன் என் செய்வான்? அவன் புதிய சொல் ஒன்றைத் தேட வேண்டும். மாட்டேன் என்பதை மறுப்பாளர்கள் எடுத்துக்கொண்டபின் இயலாதவன் முடியாது என்றான். அதையும் எடுத்துக்கொண்டபின் 'சத்தியமாக முடியவில்லை' என்கிறான். ஆணையிட்டுச் சொன்னாலன்றி நம்பப்படாத நிலை அவனுக்கு. நாகரிகத்துக்குக் கொடுத்த விலை அது. அவ்விலையை இயலாதவனே கொடுக்கிறான்.

எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. மனம் ஒப்பாமையை உறுப்புகளின் இயலாமையாகச் சொல்லும் மரபு அது. ஊரை விட்டுப் போகக் கால் எழவில்லை. கொடுக்கக் கை வரவில்லை. சொல்ல நா எழவில்லை. விட்டுவிட மனம் வரவில்லை. இத்தொடர்களில் 'நான்' இல்லை. கால் எழாததற்குக் காலே பொறுப்பு. மனம் வராததற்கு மனமே பொறுப்பு. மனம் எங்கோ வெளியே இருப்பது போலவும், அழைத்தும் வராதது போலவும் கூறப்படுகிறது. இயலாமைச் சொல் இறுகி மறுப்பாவது ஒருபுறம். மறுப்பு இளகி உடலின் இயலாமையாவது மறுபுறம். இரண்டுக்கும் இடையிலான வேலியைத் தமிழ் என்றும் உறுதியாக எழுப்பியதில்லை.

விறகு பேசுகிறது

'மாட்டேன்' என்னும் சொல்லின் இன்றைய இலக்கணத்தில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் இது உயர்திணைக்கே உரியது. நான் வரமாட்டேன், அவர் வரமாட்டார் என்பர். மழையைப் பற்றிப் பேசும்போது 'வராது' என்றே கூறுவர். 'வரமாட்டாது' என்பது எழுத்தில் உண்டு, நாவில் அரிது. உயர்திணைக்கும் எல்லா இடத்திலும் இது மறுப்பைக் குறிப்பதில்லை. இறந்தவரைக் குறித்து 'இனி வரமாட்டார்' என்கையில், அவர் வர மறுத்தார் என்று எவரும் கொள்வதில்லை.

ஆனால் அதே மக்கள், அஃறிணைக்கும் இச்சொல்லை வழங்க ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். 'ஈர விறகு எரிய மாட்டேன் என்கிறது', 'கதவு திறக்க மாட்டேன் என்கிறது', 'தூக்கம் வர மாட்டேன் என்கிறது' என்பவை வீடுதோறும் கேட்கும் தொடர்கள். பேச்சில் 'மாட்டேங்குது' என்று குறுகி ஒலிக்கும்; வட்டாரந்தோறும் ஒலி சிறிது வேறுபடும். இத்தொடரின் அமைப்பை ஊன்றிப் பார்க்க வேண்டும். 'என்கிறது' என்பது ஒன்றன்பால் படர்க்கை வினைமுற்று. அதனுள் அடங்கிய 'மாட்டேன்' என்பது தன்மை ஒருமை வினைமுற்று. விறகு என்னும் அஃறிணை, 'நான் எரியமாட்டேன்' என்று தன் வாயால் கூறுவதாகத் தொடர் அமைந்திருக்கிறது.

நன்னூலார் இதற்கு இடம் வைத்தே இலக்கணம் செய்தார். அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும், பேசுவன போலவும், இயங்குவன போலவும், செய்வன போலவும் கூறப்படும் என்று பொதுவியலில் அவர் விதிக்கிறார். புலவர் செய்யுளில் கிளியையும் கடலையும் பேசவைப்பதற்கான விதி என்று இதை வகுப்பறையில் கற்பிப்பது வழக்கம். அடுப்படியில் அமர்ந்து விறகை ஊதும் பெண்ணும் அவ்விதியின் கீழேயே பேசுகிறாள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான்கு தொடர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 'விறகு எரியவில்லை' என்பது செய்தி. 'விறகு எரியாது' என்பது அதன் இயல்பு, அல்லது முன்னுணர்வு. 'விறகு எரிய மறுக்கிறது' என்பது எழுத்தாளர் நடை. 'விறகு எரிய மாட்டேன் என்கிறது' என்பதில் மட்டும் விறகோடு இன்னொருவரும் இருக்கிறார். பலமுறை ஊதியவர் அவர். புகையில் கண் கலங்கியவர். விறகைத் திருப்பி வைத்துப் பார்த்தவர். முயற்சி இல்லாத இடத்தில் இத்தொடர் பிறப்பதில்லை. மூலையில் கிடக்கும் விறகை நோக்கி எவரும் 'எரிய மாட்டேன் என்கிறது' என்று கூறார். ஆகவே இத்தொடர் பொருளின் பிடிவாதத்தைக் கூறுவதுபோலத் தோன்றினும், உண்மையில் கூறுவது மனிதரின் அயர்ச்சியை.

புதுக்கவிதையில் 'மறுக்கும்' என்னும் பெயரெச்சம் பெருவழக்காகிவிட்டது. மலர மறுக்கும் மொட்டு, விடிய மறுக்கும் இரவு, உலர மறுக்கும் கண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் பொருளுக்கு விருப்பம் ஏற்றப்படுகிறது, குரல் ஏற்றப்படவில்லை. அருகில் நின்று வேண்டியவரும் இல்லை. மறுப்பு என்றால் யாரோ கேட்டிருக்க வேண்டும் அல்லவா? மொட்டை மலரச் சொன்னவர் யார்? அவ்வினா எழாத கவிதையில் 'மறுக்கும்' என்பது வெறும் அணியாக நின்றுவிடுகிறது. அடுப்படித் தமிழுக்கு இந்தக் குறை இல்லை. கேட்டவரும் அங்கே இருக்கிறார், கேட்கப்பட்ட பொருளும் இருக்கிறது, இருவருக்கும் இடையில் ஒரு வழக்கும் இருக்கிறது.

வாயில் வைத்த சொல்

இத்தொடர் விறகுக்கும் கதவுக்கும் வழங்கும்வரை அழகு. மனிதருக்கு வழங்கும்போது அதில் ஓர் ஊறு உண்டு. அதைச் சொல்லாமல் இப்பொழிவு முழுமை பெறாது.

'பையன் படிக்க மாட்டேன் என்கிறான்' என்று வீட்டிலும் பள்ளியிலும் கூறப்படுகிறது. அப்பையன் அவ்வாறு எங்கும் கூறவில்லை. எழுத்துகள் அவன் கண்ணுக்கு இடம் மாறித் தோன்றலாம். கற்றல் குறைபாடு என்று மருத்துவம் இன்று பெயரிட்டு அறிந்திருக்கும் நிலையாக அது இருக்கலாம். கரும்பலகை அவனுக்குத் தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். அவனுடைய இயலாமை, இத்தொடரின் வழியாக, அவன் வாயாலேயே சொன்ன மறுப்பாக மாறிவிடுகிறது. மறுத்தவனுக்குக் கிடைப்பது உதவி அன்று, தண்டனை.

'அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார்' என்பதும் அத்தகையதே. முதுமையில் விழுங்குவது கடினமாகும், நாவின் சுவை மங்கும், பசியே குறையும். அவர் தட்டை விலக்கியது உடலின் செயல். சொல் அதைப் பிடிவாதத்தின் செயலாக்குகிறது. 'அவள் நடக்க மாட்டேன் என்கிறாள்', 'இவன் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான்' என்று கூறப்படும் இடங்களிலும் முதலில் எழுப்ப வேண்டிய வினா ஒன்றே: அவர் அதைக் கூறினாரா, அவர் வாயில் அது வைக்கப்பட்டதா?

உழைக்கும் மனிதனுடைய நிலையிலும் இதே வினா உண்டு. கூலியாள் ஒருவன் 'இதற்குமேல் மாட்டேன் ஐயா' என்று கூறும்போது, அவன் நாவில் இருப்பது பரிமேலழகர் காலத்துப் பொருள். கேட்பவர் செவியில் விழுவது இக்காலத்துப் பொருள். முதுகு தாங்கவில்லை என்று அவன் சொன்னது, எதிர்த்துப் பேசினான் என்று பதிவாகிறது.

மறுதலையாக, மறுப்பதற்கு உரிமை உள்ள இடத்தில் இயலாமையின் பின்னே ஒளிய வேண்டியதில்லை என்பதும் உண்மை. அநீதிக்குத் துணைபோகச் சொன்னவரிடம் 'என்னால் முடியாதுங்க' என்று குழைவது ஒன்று; 'செய்யமாட்டேன்' என்று நிமிர்வது மற்றொன்று. இயலாமைச் சொல் மறுப்புச் சொல்லாக மாறியதை வெறும் இழப்பு என்று கருதத் தேவையில்லை. ஆற்றலின்மையை மட்டும் அறிந்திருந்த ஒரு சொல், காலப்போக்கில் தன் விருப்பத்தைத் தானே அறிவிக்கும் துணிவையும் பெற்றது. 'வல்லேன் அல்லேன்' என்று தாழ்ந்த குரலில் தொடங்கியது, 'இசையேன்' என்று உரத்த குரலில் வந்து நிற்கிறது.

எனவே இச்சொல்லைக் கையாள்வோர்க்கு இரு கடமைகள் உண்டு. பழைய நூலில் அதைக் காணும்போது, விருப்பத்தை ஏற்றாமல் ஆற்றலை நோக்கிப் படிப்பது ஒன்று. இன்றைய மனிதரிடம் அதைக் கேட்கும்போது, இயலாதவர் குரலா, இசையாதவர் குரலா என்று பிரித்தறிவது மற்றொன்று. முன்னது புலமையின் வேலை. பின்னது பரிவின் வேலை. கவிஞருக்கு இரண்டும் வேண்டும். விறகையும் பேசவிட்ட மொழி இது. பேசாத மனிதரின் வாயில் ஒரு மறுப்பை வைப்பதற்கு முன், அவர் ஏதும் சொன்னாரா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கவும் அம்மொழியில் இடம் இருக்கிறது.